இரண்டு பக்கமும் போகும் கூட்டம்

1997இல் நாங்கள் சென்னைக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து வேனில் கொழும்பு, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் கொஞ்சக் காலம், அப்புறம் விமானம். சித்தப்பா ஜெர்மனியிலிருந்து காசு அனுப்பினார். அப்பாவும் அங்கே போய்ச் சேர்ந்து எங்களைக் கூப்பிடும்வரை அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் சென்னையில் இருப்பது என்று ஏற்பாடு. வளசரவாக்கம், விருகம்பாக்கம், கே.கே. நகர்ப் பக்கமெல்லாம் அப்போது இப்படிக் காத்திருந்த எங்கள் ஊர்க் குடும்பங்கள் ஏராளம்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி முதல் வாரமே என்னிடம் கேட்டார்: "இவ்ளோ கூட்டம் எங்கயாவது பார்த்திருக்கியா பாப்பா?"

பார்த்திருந்தேன். 1995 அக்டோபர் 30 இரவு. இராணுவம் நெருங்கிவிட்டது, எல்லோரும் கிழக்கே தென்மராட்சிக்குப் போங்கள் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவிக்க, யாழ்ப்பாண நகரமும் அடங்கிய வலிகாமம் பகுதி முழுவதும் ஒன்றாக எழும்பி நடந்தது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் என்று பிறகு எழுதினார்கள். நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போகும் வீதியில், மழைக்குள், அப்பாவின் சைக்கிள் பாரில் நான் இருந்தேன். ஓடவே முடியாத சைக்கிள். உருட்டிக்கொண்டு நிற்பதும் நகர்வதுமாக விடிந்துவிட்டது. அத்தனை சனத்திலும் பெரிய சத்தம் இல்லை. எல்லோரும் ஒரே பக்கம் போனார்கள். எதிரே ஒருவரும் வரவில்லை.

இதையெல்லாம் ஆன்ட்டியிடம் எப்படிச் சொல்வது? "இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் சென்னைக் கூட்டம் எனக்குப் புதுசாக இருந்ததும் உண்மைதான். ஆற்காடு ரோட்டில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தால், வடபழனிப் பக்கம் போகிற அளவுக்கே போரூர்ப் பக்கமும் ஆட்கள் போனார்கள். போனவர்கள் திரும்பியும் வந்தார்கள். யாருடைய கையிலும் மூட்டை இல்லை. இவர்கள் எங்கே போகிறார்கள், ஏன் இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கத்து ஆட்களிடம் அங்கே என்ன நடக்கிறது என்று விசாரிக்காமல் போகிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

விமானச் சத்தத்துக்குப் பயந்தாயா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பயந்தேன்தான், அது சீக்கிரம் போய்விட்டது. போகாமல் இருந்தது, ஆட்கள் ஓடினால் வரும் பயம். எங்கள் ஊரில் ஒருவர் ஓடினால் எல்லோரும் ஓடுவோம், காரணம் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் இறங்கிய பிறகுதான் தெரியும். சென்னையிலோ பஸ் ஸ்டாப்பில் நிற்காது. இருபதடி தள்ளிப் போய்த்தான் நிற்கும், மொத்தக் கூட்டமும் அதன் பின்னால் ஓடும். முதல் தடவை அப்படி ஓடியபோது நான் அக்காவின் கையை உதறிவிட்டுப் பக்கத்துக் கடைக்குள் பாய்ந்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன வேணும் பாப்பா?" என்றார், ஏதோ தினமும் பிள்ளைகள் வந்து அங்கே குந்துவதுபோல.

வீடு கிடைத்த கதை தனி. ராஜீவ் காந்தி கொலை நடந்த 1991க்குப் பிறகு "சிலோன்காரங்களா?" என்ற கேள்விக்கு ஓம் என்று பதில் சொன்னால் பாதிக் கதவுகள் சாத்திக்கொள்ளும். புரோக்கர், "நீங்க பேசாதீங்கம்மா, நான் பேசிக்கிறேன்" என்பார், ஏனென்றால் அம்மா வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். அப்படியும் ஒரு வீட்டில் முன்பணம் வாங்க நீட்டிய கையை உரிமையாளர் இழுத்துக்கொண்டார். கடைசியில் கிடைத்த வீட்டுக்குப் பத்து மாத வாடகை அட்வான்ஸ், அதன்பின் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு. சீருடையைப் பார்த்ததும் அக்கா தன் பையைத் திறந்து சோதனைக்குக் காட்டினாள். அங்கே யாரும் அதைக் கேட்கவில்லை.

வீட்டில் முதலில் பைத்தியம் பிடித்தது ஸ்விட்சால். 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனபோது எனக்கு இரண்டு வயது. ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கு, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றிக் கேட்கும் ரேடியோ, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வெளிச்சமும் செய்தியும். வளசரவாக்கத்தில் ஒருநாள் சாயந்தரம் கரண்ட் போனது. தெரு முழுக்க "ஏய்ய்..." என்று ஒரு கூச்சல். அரை மணி நேரத்தில் வந்தபோது இன்னொரு கூச்சல். அரை மணி நேர இருட்டுக்கு இவ்வளவு கோபமா என்று அம்மா சிரித்தார். பிறகு ஒரு சீரியல் பார்க்கத் தொடங்கி, அடுத்த கரண்ட் கட்டில் அவரும் சேர்ந்து திட்டினார்.

தண்ணீர் மட்டும் நேர்மாறு. ஊரில் வளவுக்குள் கிணறு, வேண்டியமட்டும் அள்ளிக் குளிக்கலாம். போர்க்காலத்திலும் அது குறையவில்லை. இங்கே கோடைக்காலத்தில் தண்ணி லாரி வருவதற்கு முன்பே தெருவோரம் பிளாஸ்டிக் குடங்கள் பச்சை, நீலம், சிவப்பு என்று வரிசையில் நிற்கும். ஆட்கள் வீட்டுக்குள் இருப்பார்கள். மண்ணெண்ணெய்க்கும் பாண் ரொட்டிக்கும் கூட்டுறவுச் சங்கக்கடையில் கியூவில் நின்று வளர்ந்த எங்களுக்கு, ஆளுக்குப் பதில் குடம் நிற்பது பெரிய வசதியாகத் தெரிந்தது. லாரி வந்ததும் அந்த வரிசை இருந்த இடம் தெரியாமல் போகும் என்பது பிறகுதான் தெரிந்தது.

தெருவைக் கடக்கப் பழகியதுதான் பெரும்பாடு. ஒருநாள் குறுக்கே வந்த ஆட்டோவுக்கு முன்னால் உறைந்து நின்றுவிட்டேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏ சாவுகிராக்கி, வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்றார். நான் மரியாதையாக, "ஓம் மாமா, அம்மாட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்" என்றேன். அவர் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, பின்னால் ஹாரன் அடித்தவர்களையெல்லாம் கை காட்டி நிறுத்தி, என்னைக் கடக்க வைத்தார்.

அந்த வருஷத் தீபாவளியும் அக்டோபர் 30ஆம் தேதி வந்தது. நாளைச் சொன்னதும் அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது, ஆனாலும் எங்களுக்குச் சட்டை எடுக்க முந்தின வாரம் தி.நகருக்குக் கூட்டிப்போனார். மாம்பலம் ஸ்டேஷனின் நடைமேம்பாலத்தில் நான் நின்றுவிட்டேன். கீழே ரயில் போனது. நான் பார்த்த முதல் ரயில். எங்கள் பக்கம் ரயில் ஓடாமல் போன பிறகு தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் கழற்றிப் பங்கர்களுக்குக் கூரை போட்டுவிட்டார்கள். ஆகவே தண்டவாளம் என்றால் எனக்குத் தலைக்கு மேலே இருக்கிற இரும்பு. அது தரையில் கிடக்க, அதன் மேல் ஒன்று ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம் போலிருந்தது. பின்னால் வந்தவர்கள் விடவில்லை.

இறங்கினால் ரங்கநாதன் தெரு. தீபாவளி நேரத்தில் அங்கே நாம் நடப்பதில்லை, கூட்டம்தான் நம்மைக் கொண்டுபோகும். கொஞ்ச தூரம் போனதும் மேலேயிருந்து ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. திருடர்களைக் கவனியுங்கள், நகைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று போலீஸ் அறிவிப்பு. வார்த்தைகள் காதில் ஏறுவதற்கு முன்பே அம்மா எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஒரு பாத்திரக் கடைப் படியில் ஏறிவிட்டார். கை நடுங்கியது. நான் கீழே பார்த்தேன். ஒருவரும் அந்த அறிவிப்பைக் கேட்டதாகவே தெரியவில்லை. உள்ளே போகிறவர்கள் போனார்கள், பைகளோடு வருகிறவர்கள் வந்தார்கள். "அம்மா, ரெண்டு பக்கமும் போகினம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இறங்கிப் போய்ச் சட்டை வாங்கினோம். அளவு பெரிது, மாற்றப் போகவில்லை.

இனித் தீபாவளிக்கு அந்தப் பக்கம் வருவதில்லை என்று அம்மா முடிவெடுத்தார். அடுத்த வருஷம் ஆன்ட்டியின் யோசனைப்படி, ஆடி மாதத்திலேயே துணி எடுத்துவிடுவோம் என்று கிளம்பினோம். ஆடியில் நல்ல காரியம் ஒன்றும் வைக்கமாட்டார்கள், கடையில் ஆளே இருக்காது என்பது அம்மாவின் கணக்கு. ஆடித் தள்ளுபடி என்று ஒன்று இருப்பதை ஆன்ட்டி சொல்லவில்லை. அன்றைக்குப் பார்த்த கூட்டத்துக்குத் தீபாவளியே தேவலை. அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளுங்கோ, தள்ளுங்கோ" என்று முழங்கையால் வழி பண்ணிக்கொண்டு உள்ளே போய், பாதி விலைக்கு இரண்டு சேலையோடு வெளியே வந்தார். அதில் ஒன்றை ஆன்ட்டிக்குக் கொடுத்தார்.