குமிழிகளும் நலம்விரும்பிகளும்

என் சைக்கிளின் முன் டிஸ்க் பிரேக்கின் லீவரை அழுத்தினால் அது எந்த எதிர்ப்பும் காட்டாமல் கைப்பிடியைத் தொட்டுவிட்டு வந்தது. லீவரின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருந்தது. எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். ஆகவே விரல் கொடுக்கும் விசையெல்லாம் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிஸ்டனைத் தள்ளாமல் குமிழியைக் கசக்குவதிலேயே தீர்ந்துவிடும். அதை வெளியேற்ற நான் உட்கார்ந்ததும் உதவிக்கு மாமாவும் அவருடைய மகனும் வந்து சேர்ந்தார்கள்.

காருக்கு வாங்கியதில் மீந்த டாட் 4 என்ற பிரேக் திரவத்தை நீட்டி, "பிரேக் ஆயில் எல்லாம் ஒன்றுதான் மாப்பிள்ளை" என்றார் மாமா. ஷிமானோ, மகுரா நிறுவனங்களின் சைக்கிள் பிரேக்குகளைப் போல என்னுடையதும் மினரல் ஆயிலுக்கானது என்றும், டாட் திரவம் அதன் ரப்பர் சீல்களைக் கெடுத்துவிடும், சிந்தினால் பெயின்ட்டையும் அரித்துவிடும் என்றும் விளக்கினேன். இவ்வளவு நோஞ்சான் பிரேக்கையா வாங்கினாய் என்பதுபோல் பார்த்தார். (டாட் திரவம் மட்டுமே ஏற்கும் சைக்கிள் பிரேக்குகளும் உண்டு என்பதை அப்போது நான் சொல்லவில்லை.)

லீவரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பையனிடம் கொடுத்தேன். யாரும் தொடவில்லையே என்று உறுதிசெய்வதற்காக அவனே அடிக்கடி அழுத்திப் பார்த்தான். பேடுகளைக் கழற்றிய இடத்தில் பிஸ்டன்களைத் தடுத்து நிறுத்தும் பிளீடிங் கட்டையைச் செருகியிருந்ததால் பிஸ்டன்கள் வெளியே வந்து விழாமல் தப்பின.

லீவரின் மேல் புனலைப் பொருத்தி, கீழே பிஸ்டன்கள் இருக்கும் காலிப்பரிலிருந்து சிரிஞ்சால் எண்ணெயை ஏற்றியதும் குமிழிகள் மேலே வரத் தொடங்கின. பெரியவை உடனே வந்துவிடும். குழாயின் வளைவுகளிலும் காலிப்பரின் மூலைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறியவைதான் பொறுமையைச் சோதிப்பவை. குழாயை மெல்லத் தட்டியும், கைப்பிடியைச் சாய்த்தும், லீவரைச் சிறிது சிறிதாக அசைத்தும் அவற்றைக் கிளப்ப வேண்டும். ஒவ்வொரு குமிழி வெடித்தபோதும் மாமா உரக்க அறிவித்தார். இனி வராது என்று நான் முடிவுசெய்த பிறகும், "அதோ இன்னொன்று" என்று அவர் காட்டியது உண்மையாகவே குமிழிதான்.

எல்லாவற்றையும் பூட்டி முடித்து நான் கை கழுவப் போன இடைவெளியில், டிஸ்க் லேசாக உரசும் சத்தத்தைக் கேட்டுப் பொறுக்காத மாமா, சங்கிலிக்கான எண்ணெய் ஸ்ப்ரேயை அதன் மேல் அடித்துவிட்டார். சத்தம் நின்றது; பிரேக்கும் நின்றது. டிஸ்க்கை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காப்பாற்றிவிட்டேன். எண்ணெய் குடித்த பேடுகள் குப்பைக்குப் போயின.

புதுப் பேடுகள் டிஸ்க்கோடு பழகுவதற்கு, வேகமாகச் சென்று, முழுதாக நின்றுவிடாமல் வேகத்தை மட்டும் குறைத்து, மீண்டும் மிதித்து, மீண்டும் குறைக்க வேண்டும். நான் அப்படி மேலும் கீழுமாகப் போய்வருவதை வாசலில் நின்று கவலையோடு பார்த்துக்கொண்டிருந்த மாமா, கடைசியில் பொறுக்கமாட்டாமல் கூவினார்: "வண்டி நிற்கவே மாட்டேன் என்கிறதே, குதித்துவிடு மாப்பிள்ளை!"