ஹார்ட்கோர் மேஜ் 30 தொட்டாச்சு, ஃப்ரோஸன் ராத் கியரை கழட்டிப் போட்ட கதை

நேத்து ராத்திரி என் ரெண்டாவது மேஜ் (மந்திரவாதி கேரக்டர்) லெவல் 30 தொட்டுச்சு, ஐஸ் பிளாக் (கொஞ்ச நேரம் எந்த அடியும் படாம பனிக்கட்டிக்குள்ள நிக்க விடுற டேலண்ட்) எடுத்தாச்சு!! வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் ஹார்ட்கோர்ல (ஒரு தடவை செத்தா அந்த கேரக்டர் அவ்ளோதான்) இந்த ஒரு டேலண்ட் கைக்கு வர்ற வரைக்கும் நிம்மதியே இல்ல.

மொத மேஜ் லெவல் 24லயே செத்துப் போயிடுச்சு, ஹில்ஸ்பிராட் வயல்ல. அப்ப போட்டிருந்த கியர் ஆறு பீஸும் ஃப்ரோஸன் ராத் (பனி ஸ்பெல்லோட அடியைக் கூட்டுற வகை), மொத்தம் 40 ஃப்ரோஸ்ட் டேமேஜ், இருந்த காசெல்லாம் ஆக்ஷன் ஹவுஸ்ல கொட்டி வாங்குனது. எதிரிங்க எட்டு பேரை இழுத்துட்டு வந்து நோவா (சுத்தி இருக்கறவங்களை உறைய வைக்கிற ஸ்பெல்) போட்டேன், தள்ளி நின்னு பிளிஸ்ஸர்ட் (ஒரு இடம் பூரா கொட்டுற பனி மழை) ஆரம்பிச்சா ஒருத்தன் மட்டும் ரெசிஸ்ட், அவன் மேல நோவா படல, நேரா என்கிட்ட வந்து அடிக்க அடிக்க சேனல் பார் (ஸ்பெல் ஓட மிச்சமிருக்கற நேரம்) துண்டு துண்டா குறையுது, பாதியிலயே முடிஞ்சு போச்சு, அதுக்குள்ள மிச்ச ஏழு பேரும் ஐஸ் உடைஞ்சு வந்துட்டாங்க. பிளிங்க் (சட்டுனு முன்னாடி தாவித் தப்பிக்கிற ஸ்பெல்) மறுபடி வர இன்னும் 4 செகண்ட். அந்த 4 செகண்ட் தாங்குற ஹெச்பி (உயிர்) என்கிட்ட இல்ல.

ரெண்டு நாள் கேம் பக்கமே போகல. அப்புறம் உக்காந்து கணக்கு போட்டேன். பிளிஸ்ஸர்ட் ரேங்க் 1 ஒரு ஆளுக்கு 8 செகண்ட்ல 200 டேமேஜ், ஸ்பெல் டேமேஜ்ல மூணுல ஒரு பங்குதான் அதுல சேரும். அதாவது என்னோட 40, முழு பிளிஸ்ஸர்ட்டுக்கும் சேத்தே வெறும் 13. 200 போய் 213, அவ்ளோதான்! அதே ஆறு பீஸ் ‘ஆஃப் தி ஈகிள்’ வகையில பீஸுக்கு 5 இன்டலெக்ட் 5 ஸ்டாமினா வந்தா மொத்தம் 450 மனா (ஸ்பெல் போடச் செலவாகுற சக்தி), 300 ஹெச்பி. ஒரு பிளிஸ்ஸர்ட் 320 மனா, அப்ப கூட ஒண்ணு முழுசா போடலாம், ஆளுக்கு 200. கூட்டமா அடிக்கிறவனுக்கு இன்டலெக்ட்தான் டேமேஜ், நான் ஈகிளை வெறும் தற்காப்புன்னு நெனச்சு ஒதுக்கிட்டு இருந்தேன்.

ஒத்தைக்கு ஒத்தை அடிக்கிறவங்களுக்கு இது பொருந்தாது. ஃப்ரோஸ்ட்போல்ட்ல (ஒரே ஆளை அடிக்கிற பனி ஸ்பெல்) ஸ்பெல் டேமேஜ்ல 81 சதவீதம் சேரும், 40க்கு 32 கிடைக்கும், அது நல்ல லாபம். அவங்க ராத் போடுறதுல தப்பே இல்ல.

கியரை விட எனக்கு மண்டைய குடைஞ்சது அந்த ரெசிஸ்ட்தான். சம லெவல் ஆளுக்கு ஸ்பெல் படுற வாய்ப்பு 96 சதவீதம், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எட்டு பேர் மேல ஒரே நோவா விழும்போது ஒருத்தனாவது தப்பிக்கிற வாய்ப்பு 28 சதவீதம்! நாலு தடவை இழுத்தா ஒரு தடவை மாட்டுவோம். எலிமெண்டல் பிரிசிஷன் (ரெசிஸ்ட்டைக் குறைக்கிற டேலண்ட்) மூணு பாயிண்ட் போட்டா 99 ஆகுது (அதுக்கு மேல போகாது), எட்டு பேருக்கு 8 சதவீதமா இறங்குது. மொத மேஜ்ல அந்த மூணு பாயிண்டை நான் தொடவே இல்ல. இப்ப அதுதான் மொதல்ல. மிச்சமிருக்கற அந்த 8க்குத்தான் 300 ஹெச்பி. போன வாரம்கூட ஒருத்தன் தப்பிச்சு வந்தான், அடி வாங்கிட்டே பிளிங்க் வர்ற வரைக்கும் நின்னேன், 110 ஹெச்பில வெளிய வந்தேன், கை நடுங்கிடுச்சு.

ஈகிள் விலை எங்க ரியல்ம்ல ஏறிட்டே போகுது, மேஜ் எல்லாரும் அதையேதான் தேடுறாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி பாத்தா கொஞ்சம் கம்மியா மாட்டுது, வாரக்கடைசில டன்ஜன் போனவங்க எல்லாம் அப்பதான் போடுறாங்க. வயல்ல விழுற உல்லன் துணியில பாதி பேண்டேஜுக்கு, பாதி வித்து அந்தக் காசுலதான் கையுறை வாங்குனேன். இடுப்பு பெல்ட் இன்னும் கிடைக்கல, பழைய ஆஃப் தி ஆவுல் (ஸ்டாமினா இல்லாத வகை) ஒண்ணை வச்சு ஓட்டிட்டு இருக்கேன்.

லெவல் 40ல ஐஸ் பேரியர் (அடியை உறிஞ்சுற பனிக் கவசம்) வந்தா 438 டேமேஜ் தாங்கும், 44 ஸ்டாமினாவுக்கு சமம், அதுவும் 30 செகண்டுக்கு ஒரு தடவை. அப்ப பேங்க்ல கிடக்குற ரெண்டு ராத் பீஸை வெளிய எடுக்கலாமான்னு இப்பவே யோசனை ஓடுது. மொதல்ல அந்த பெல்ட்.