ஆதம்பாக்கத்து வெயிலை 14 மாதம் குறித்து வைத்த கதை

"இயல்பை விட 2 டிகிரி அதிகம்" என்று மே மாதத்தில் ஒருநாள் செய்தியில் படித்தேன். எந்த இயல்பு, எங்கே அளந்தது, என் வீட்டுக்கும் அது பொருந்துமா என்ற கேள்வி விடவே இல்லை. அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் 'ப' வடிவக் குழாய் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டினேன்.

முதல் வாரமே 43, 44 என்று காட்டியது. சென்னை மீனம்பாக்கம் வானிலை நிலையம் அதே நாட்களில் 38 சொல்லிக்கொண்டிருந்தது, அதுவும் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நான் அளந்தது காற்றை அல்ல, சுட்டுக் கிடந்த சிமெண்டுச் சுவரை என்று புரிய இரண்டு வாரம் ஆனது. வானிலை நிலையங்களில் வெள்ளை அடித்த, பக்கமெல்லாம் சாய்வுப் பலகை வைத்த மரப்பெட்டிக்குள், ஆள் உயரத்தை ஒட்டித்தான் கருவியை வைக்கிறார்கள்; வெயில் நேராகப் படக்கூடாது, காற்று மட்டும் தாராளமாகப் போய்வர வேண்டும். நான் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளை நடுவில் வெட்டி, இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு கூண்டு செய்து, பின்பக்கம் மண்தரையில் கம்பம் நட்டு அதில் கட்டினேன். அன்று முதல் மீனம்பாக்கத்துக்கும் எனக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வருவது அபூர்வம். அதற்கு முன் எழுதிய பக்கங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த தப்பு பார்க்கும் நேரத்தில். ஷிப்ட் முடிந்து வந்து 4 மணிக்கு அளவைக் குறித்துவிட்டு, உச்ச அளவிலேயே நின்றுவிடும் ஊசியைக் காந்தத்தால் அப்போதைய அளவுக்கு இறக்கி வைப்பேன். ஆகஸ்டில் ஒருநாள் காலையிலிருந்தே மழை, ஃபேன் கூடப் போடவில்லை, ஆனால் அதிகபட்சம் 35 என்று இருந்தது. யோசித்துப் பார்த்தால், அது முந்தின நாள் 4 மணிக்கு ஊசியை இறக்கியபோது இருந்த சூடு! ஒரே வெயிலை இரண்டு நாள் கணக்கில் எழுதியிருக்கிறேன், இப்படி எத்தனை நாள் எழுதினேனோ. இப்போது இரவு 9 மணிக்குத்தான் பார்க்கிறேன். பகல் உச்சத்திலிருந்தும் விடியற்காலைக் குளிரிலிருந்தும் அது தள்ளி இருக்கிற நேரம்.

சரி, இயல்புக்கு வருகிறேன். உலக வானிலை அமைப்பு சொல்லும் முறைப்படி அது 30 வருடச் சராசரி. இப்போது புழக்கத்தில் இருப்பது 1991 முதல் 2020 வரை. என் 14 மாதத்தை வைத்து இயல்பைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று தெரிந்தபோது கொஞ்சம் வருத்தம்தான். அதோடு சென்னையின் இன்னொரு வானிலை நிலையமான நுங்கம்பாக்கத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் தனித்தனி இயல்பு உண்டு, கடலை விட்டுத் தள்ளி இருப்பதால் மீனம்பாக்கத்தில் கோடைப் பகல் கூடுதலாகச் சுடும். அதனால் ஒரே 39 இரண்டு இடத்திலும் ஒரே செய்தி அல்ல.

ஆனால் வேறொன்றை என் நோட்டே சொல்லிக்கொடுத்தது. ஜனவரி முழுவதும் பகல் அளவு 29, 30 என்று கட்டிப்போட்டதுபோல் நின்றது, அங்கே இங்கே ஒரு டிகிரி, அவ்வளவுதான். மே, ஜூனில் அப்படி இல்லை, இன்று 36, நாளை 40. ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் சராசரி போட்டால் ஆளுக்கொரு எண் வருகிறது, ஆனால் அந்த எண்ணைச் சுற்றி நாட்கள் எவ்வளவு அகலமாகச் சிதறிக் கிடக்கின்றன என்பது அதில் தெரிவதில்லை. ஜனவரியில் 2 டிகிரி கூடினால் அது நின்று கவனிக்க வேண்டிய நாள். மே மாதத்தில் அதே 2 டிகிரி தினப்படி சமாச்சாரம். நான் படித்த அந்தச் செய்திக்கு நான் பதறியிருக்கவே வேண்டாம்.

இந்த அகலத்துக்குக் காரணம் கடல் காற்று. அது 11 மணிக்கே உள்ளே வந்துவிட்டால் வெயில் 36, 37-ஓடு அடங்கிவிடும். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பலமாக அடித்து அதைத் தடுத்து நிறுத்தினால், இரண்டு மூன்று மணி வரைக்கும் ஏறிக்கொண்டே போகும். கத்திரி முடிந்தால் வெயில் போய்விடும் என்று நம் ஊரில் சொல்வார்கள், ஆனால் மே கடைசியிலும் ஜூனிலும் மேல்காற்று வலுக்கிற சென்னைக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. நுங்கம்பாக்கம் 45 டிகிரியைத் தொட்டது 2003 மே 31 அன்று, கத்திரி கழிந்த பிறகு. கடலோர ஊர்களுக்கு வெப்ப அலை என்று அறிவிக்க 37 டிகிரியைத் தொட்டால் மட்டும் போதாது, இயல்பை விட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை வைத்திருக்கும் விதி, இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அர்த்தமானது.

ஆகவே நோட்டில் 'காற்று வந்த நேரம்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். பகலில் நான் வேலையில் இருப்பேன், கீழ் வீட்டு அக்காதான் பார்த்துச் சொல்கிறார். காயப்போட்ட துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதுதான் அவருடைய அடையாளம். நேற்று மாலை கேட்டைத் திறக்கும்போதே, "தம்பி, ஒன்றரைக்குத்தான் வந்துச்சு, எழுதிக்கோங்க" என்றார். அதிகபட்சம் 39.4.