ஒரு ட்வீட்டும் ஒரு ஷரத்தும்

ரஷார்ட் மெண்டன்ஹால் வழக்கை இன்று மறுபடி படித்தேன். மனசு ஆறவில்லை.

2011 மே மாதம். பின்லேடன் கொல்லப்பட்டதை அமெரிக்கா கொண்டாடியது. ஒரு சாவை எப்படிக் கொண்டாட முடிகிறது என்று ட்விட்டரில் கேட்டார் இந்த அமெரிக்கக் கால்பந்து வீரர். இரட்டைக் கோபுரம் இடிந்த விதம் பற்றியும் சந்தேகம் எழுப்பினார். அது தப்புதான். சில நாட்களில் ஹேன்ஸ்பிராண்ட்ஸ் என்ற ஆடை நிறுவனம் அவருடன் செய்திருந்த விளம்பர ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. காரணம், ஒழுக்க ஷரத்து: நுகர்வோரில் பெரும்பான்மையினருக்கு அதிர்ச்சியோ அவமதிப்போ தரக்கூடிய எதிலும் அவர் சிக்கக் கூடாது.

பெரும்பான்மை என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்? அவர் குற்றம் எதுவும் செய்யவில்லையே, பேசினார், அவ்வளவுதான்!

அவர் வழக்குப் போட்டார். அதைத் தொடக்கத்திலேயே முடித்துவைக்கக் கேட்டது நிறுவனம். 2012-இல் வட கரோலினா கூட்டாட்சி நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒப்பந்தத்துக்குப் பொருந்தியது நியூயார்க் சட்டம். எழுதாவிட்டாலும் நல்லெண்ணக் கடமை, அதாவது ஒப்பந்தம் தரும் உரிமையை நேர்மையாகப் பயன்படுத்தும் கடமை, ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் உண்டு என்பது அங்கே விதி. இங்கிலாந்தில் அப்படிப் பொதுவான கடமை கிடையாது. அங்கே அவர் வழக்கு இன்னும் கஷ்டப்பட்டிருக்கும். அமெரிக்காவில் நடந்த அந்த வழக்கு அப்புறம் சமரசமாகிவிட்டது. தீர்ப்பு வந்திருக்க வேண்டும் என்றுதான் இன்னும் தோன்றுகிறது.