ஏஸைத் தூக்கிப் போடப் பழகிய கதை

வீடியோ போக்கர் என்பது மெஷினில் ஆடுகிற சீட்டாட்டம்: அஞ்சு சீட்டு வரும், வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஒரே ஒரு தடவை மாற்றலாம், கடைசியில் சேர்ந்ததற்கு ஏற்பப் பணம். அதைப் பழக ஆரம்பித்த புதிதில் ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். ரெண்டு ஆறு வரும், கூடவே ஒரு ஏஸ், மீதி ரெண்டும் ஒன்றுக்கும் உதவாத சீட்டு. ஜோடியைப் பிடித்து வைப்பேன், அது சரி. ஆனால் ஏஸையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். ஏஸைப் போய் யாராவது தூக்கிப் போடுவார்களா? காசு கட்டாமல் பழகுகிற ஒரு மென்பொருளில்தான் ஆடினேன். ஒவ்வொரு தடவையும் அது சிவப்பில் 'தப்பு' என்று காட்டும், எனக்கு என் மேல் கோபம் வராது, அதன் மேல்தான் வரும்.

அப்புறம் ஒரு நாள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கட்டில் 52 சீட்டு, அஞ்சு நம்மிடம் வந்துவிட்டது, மிச்சம் 47. ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு மூணு சீட்டு புதிதாகக் கேட்டால் அது வர 16,215 வழி இருக்கிறது. மிச்சமிருக்கிற ரெண்டு ஆறும் சேர்ந்து வரும் வழி அதில் 45, அதாவது 360க்கு ஒன்று. ஏஸையும் பிடித்துக்கொண்டால் ரெண்டு சீட்டுதான் கேட்க முடியும், 1,081 வழியில் ஒரே ஒரு வழி. நாலு ஆறு சேரும் வாய்ப்பை மூணில் ஒரு பங்காக நானே வெட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சரி, பதிலுக்கு ஏஸ் என்ன தருகிறது? இன்னொரு ஏஸ் வந்தால் ரெண்டு ஜோடி. ஆறு ஜோடியோடு ரெண்டு ஏழு சேர்ந்தாலும் அதே பணம்தான். மேஜையில் ஆடும்போது ஏஸுக்கு மதிப்பு இருப்பது எதிரில் ஒரு ஆள் இருப்பதால். இங்கே எதிராளியே கிடையாது, எந்தச் சேர்க்கைக்கு எவ்வளவு பணம் என்ற ஒரு பட்டியல் மட்டும்தான் இருக்கிறது. இது மண்டையில் ஏறியதும் பாதி விஷயம் தெளிந்துவிட்டது.

அந்தப் பட்டியல்தான் இந்த மெஷினின் அழகே. ஸ்லாட் மெஷினில் உள்ளே என்ன விகிதம் வைத்திருக்கிறார்கள் என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வீடியோ போக்கரில் திரையிலேயே எழுதியிருக்கிறது. நெவாடா மாநில விதிப்படி, சீட்டு காட்டுகிற மெஷினில் ஒவ்வொரு சீட்டும் வரும் வாய்ப்பு நிஜச் சீட்டுக்கட்டில் இருக்கிற மாதிரியே இருக்க வேண்டும். ஆக, கட்டு தெரியும், பணம் எவ்வளவு என்று தெரியும், மீதி கணக்குதான்.

அதனால் உட்காருவதற்கு முன்னாலேயே பார்க்க வேண்டியது ரெண்டு எண். 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' (ஜாக் ஜோடியிலிருந்து பணம் தருவது) என்ற அடிப்படை ஆட்டத்தில் ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண்ணில் மூணு, இன்னொன்றில் ரெண்டு) ஒரு காசுக்கு 9, ஃப்ளஷுக்கு (அஞ்சும் ஒரே வகை) 6 என்று இருந்தால் அது 9/6 மெஷின். ஒரு தப்பும் இல்லாமல் ஆடினால் போட்டதில் 99.54 சதவீதம் திரும்பி வரும், நீண்ட கால சராசரியில். பக்கத்திலேயே அதே பெயரில், அதே நிறத்தில் 8/5 இருக்கும், அது 97.30. 6/5 என்றால் 95தான். கேட்க சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். மணிக்கு 600 ஆட்டம், ஆட்டத்துக்கு அஞ்சு காசு என்று வைத்துப் பாருங்கள், 3,000 காசு உள்ளே போகிறது. 9/6இல் சராசரியாக 14 காசு போகும், 8/5இல் 81, 6/5இல் 150. நான் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கற்றுக்கொண்ட நுணுக்கமெல்லாம் சேர்ந்தாலும், தப்பான மெஷினில் உட்கார்ந்த நஷ்டத்தை ஈடுகட்டாது. பெயரில் 'போனஸ்' என்று இருப்பதைப் பார்த்தும் மயங்க வேண்டாம். டபுள் போனஸில் நாலு ஒரே சீட்டுக்கு அள்ளிக் கொடுப்பார்கள், ஆனால் ரெண்டு ஜோடிக்கு 2க்குப் பதில் 1தான். ரெண்டு ஜோடியோ ஏறத்தாழ எட்டு ஆட்டத்துக்கு ஒரு தடவை வருகிற சங்கதி.

அஞ்சு காசு ஏன் என்றால், ராயல் ஃப்ளஷ், அதாவது ஒரே வகையில் பத்து முதல் ஏஸ் வரை. ஒரு காசு போட்டால் அதற்கு 250, நாலு போட்டால் 1,000, அஞ்சாவது காசையும் போட்டால் ஒரே தாவாக 4,000. அஞ்சு காசு கட்டுப்படியாகவில்லை என்றால் காசின் மதிப்பைக் குறைத்துக்கொண்டு சின்ன மெஷினுக்குப் போவதுதான் உத்தமம்.

இந்த 4,000தான் எனக்குக் கடைசி வரை ஜீரணமாகாத பாடத்தையும் கற்றுக்கொடுத்தது. ஆர்ட்டினில் ராஜா, ராணி, ஜாக், பத்து, கூடவே ஆர்ட்டின் நாலு. கையில் ஃப்ளஷ் தயாராக இருக்கிறது, அஞ்சு காசுக்கு 30 காசு நிச்சயம். அந்த நாலைத் தூக்கிப் போடு என்கிறது மென்பொருள். கையில் இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதைப் பிடிப்பதா? எண்ணினேன். 47 சீட்டில் ஆர்ட்டின் ஏஸ் வந்தால் ராயல். ஆர்ட்டின் ஒன்பது வந்தால் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் (ஒரே வகையில் வரிசையாக அஞ்சு). மீதி இருக்கிற ஆறு ஆர்ட்டினில் எது வந்தாலும் ஃப்ளஷ் திரும்பவும் கையில். வேறு வகை ஏஸோ ஒன்பதோ வந்தால் ஸ்ட்ரெய்ட் (வகை எதுவானாலும் வரிசையாக அஞ்சு), இன்னொரு ராஜாவோ ராணியோ ஜாக்கோ வந்தால் போட்ட காசு. மொத்தத்தையும் கூட்டி வகுத்தால் சராசரி 98 காசு கிட்ட வருகிறது, 30 எங்கே 98 எங்கே. ஆனாலும் அந்த பட்டனை அமுக்கும்போது இன்னும் விரல் கூசத்தான் செய்கிறது.

மற்ற இடங்களில் இவ்வளவு நாடகம் இல்லை. ஜாக்கோ அதற்கு மேலோ ஜோடியாக வந்தால், ஃப்ளஷுக்கு நாலு சீட்டு கூடவே இருந்தாலும் ஜோடிதான். சின்ன ஜோடி என்றால் தலைகீழ், ஃப்ளஷுக்கான நாலைப் பிடிக்க வேண்டும். ஆனால் 5-5-6-7-8 என்று வந்தால் ஸ்ட்ரெய்ட்டை மறந்துவிட்டு 5-5 ஜோடியைப் பிடியுங்கள், ஒரு காசுக்குச் சராசரியாக ஜோடி தருவது 0.82, ஸ்ட்ரெய்ட் முயற்சி தருவது 0.68. நடுவில் ஓட்டை விழுந்த ஸ்ட்ரெய்ட்டில் பெரிய சீட்டு (ஜாக்கோ அதற்கு மேலோ) எதுவும் இல்லை என்றால் அஞ்சையும் வீசிவிடுவதே மேல். எதைப் பிடிப்பது என்ற இந்த வரிசை 9/6க்கு உரியது, 2 என்ற சீட்டெல்லாம் ஜோக்கராக ஆடுகிற டியூசஸ் வைல்டுக்கு இதைக் கொண்டுபோனால் கதை கந்தல்.

ஒரு விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தால் நிறையப் புலம்பல் மிச்சமாகியிருக்கும். சரியாக ஆடினாலும் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில், 54.5 சதவீதத்தில், ஒரு காசும் வராது. ராயல் சுமார் 40,400 ஆட்டத்துக்கு ஒன்று, அத்தனை ஆட்டம் ஆடியும் அது கண்ணில் படாமலே போக 37 சதவீதம் வாய்ப்பு. அது வராத காலம் முழுக்க நீங்கள் ஆடுவது 97.6 சதவீத மெஷின்தான். இதை வருமானம் என்று நினைத்து யாரும் வர வேண்டாம், மெதுவாகத் தோற்பதில் தேர்ச்சி, அவ்வளவுதான்.

நேற்று ராத்திரி 200 ஆட்டம் ஓட்டினேன், மென்பொருள் ஒரே ஒரு இடத்தில் சிவப்பு காட்டியது. ஏஸ், ராணி, ஜாக், மூணும் வேறு வேறு வகை, கூட ரெண்டு சில்லறைச் சீட்டு. மூணையும் பிடித்துக்கொண்டேன். ராணியும் ஜாக்கும் போதுமாம், போட வேண்டியது ஏஸையாம்.