மணலிக்குப் போகிற சாக்கடைத் தண்ணீர்

மறுசுழற்சி என்றாலே நமக்குப் பழைய பேப்பரும் பிளாஸ்டிக்கும்தான் ஞாபகம் வரும். சென்னை இந்த விஷயத்தில் உருப்படியாகச் செய்த வேலை தண்ணீரில் இருக்கிறது என்பேன், ஏனோ அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

2019 கோடை ஞாபகம் இருக்கிறதா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டு, தெருவுக்குத் தெரு குடங்கள் வரிசையில் நின்றன. அதே வருடம்தான் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், கழிவுநீரிலிருந்து தினமும் தலா 4.5 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்கக்கூடிய நிலையங்கள் வந்தன. ஏற்கெனவே ஒருமுறை சுத்திகரித்த நீரை மணலில் வடிகட்டி, நுண்சவ்வுகள் வழியாக அனுப்பி, அப்புறம் ஆர்ஓ செய்து, ஓசோன் கொடுத்து, கொடுங்கையூரிலிருந்து வடசென்னை மணலியில் இருக்கிற தொழிற்சாலைகளுக்கும், கோயம்பேட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் குழாயில் அனுப்புகிறார்கள். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களிலேயே மெட்ரோ வாட்டரிடம் (சென்னைக் குடிநீர் வாரியம்) கழிவுநீர் வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டன, ஆக இது நம்ம ஊருக்குப் புதுசும் இல்லை. ஆலையின் சூட்டைத் தணிக்கிற கூலிங் டவருக்கு எதற்கு ஏரித் தண்ணீர்? அங்கே மிச்சமாகிற ஒவ்வொரு லிட்டரும் நம் வீட்டுக் குழாய்க்கு.

ஆனால் வீடுகளில் கதையே வேறு. ஓஎம்ஆர் பக்கம் எங்கள் அபார்ட்மெண்டில் காலையில் தண்ணி லாரி வந்து சம்ப்பை நிரப்பிவிட்டுப் போகும், மத்தியானம் அதே கேட் வழியாகக் கழிவுநீர் லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும், இரண்டுக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம். கீழே எஸ்டிபி, அதாவது கழிவுநீரைச் சுத்திகரிக்கிற நிலையம், இருக்கிறது, ஓடுகிறது, அதிலிருந்து வருகிற தண்ணீர் லேசான மஞ்சளாக, வாடையில்லாமல்தான் இருக்கிறது, செடிகளுக்குப் போக மிச்சத்தைத்தான் லாரி ஏற்றிக்கொண்டு போகிறது. கழிவறை ஃப்ளஷுக்கு விடலாமே என்று கேட்டால், அதற்குத் தனிக் குழாய் போடவே இல்லை! கட்டும்போதே போட்டிருந்தால் பெரிய செலவில்லை, இப்போது ஒவ்வொரு வீட்டு பாத்ரூம் சுவரையும் உடைக்க வேண்டும், யார் சம்மதிப்பார்கள்?

புது ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து ஜிம், நீச்சல் குளம் எல்லாம் பார்ப்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: ஃப்ளஷுக்குத் தனி லைன் இருக்கிறதா, அது மொட்டை மாடியில் தனித் தொட்டியில் போய்ச் சேருகிறதா? இருக்கிறது என்றால் மாடி ஏறிப்போய் அந்தத் தொட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.