கம்போசர் கட்டத்தில் தப்பான பெயர்

பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு, பெயர், இயற்றியவர், ஆண்டு என்று எக்செல்லில் ஏற்றுவது என் வேலை. ஒரு நாளைக்கு 60, 70 ஓடும். காது கேட்கும், மனசு வேறெங்கோ இருக்கும்.

ஒரு மதியம் ஒரு வால்ட்ஸ் வந்தது. மூன்று தட்டுத் தாளத்தில் ஜோடியாக ஆடுகிற மேற்கத்திய நடன இசை. சர்க்கஸில் பார் விளையாடுகிறவர்கள் அந்தரத்தில் தாவும்போது வாசிப்பார்களே, அந்த மெட்டு. உறையில் இயற்றியவர் பெயர் அழிந்திருந்தது. வால்ட்ஸ் என்றால் வியன்னாதானே என்று, அந்த ஊரின் பேர்போன வால்ட்ஸ்காரர் 'ஜோஹான் ஸ்ட்ராஸ்' பெயரை அடித்துவிட்டு அடுத்த தட்டை எடுத்துவிட்டேன். 3 நாள் கழித்து, சரிபார்க்கும் அக்கா வந்து, "தம்பி, இது ஸ்ட்ராஸ் இல்லப்பா, மெக்சிகோக்காரர்" என்றார்.

நம்பவில்லை. தேடிப் பார்த்தால் நிஜம்தான். ஹுவெந்தினோ ரோசாஸ், குவானஹுவாட்டோ மாநிலத்தில் 1868-ல் பிறந்த ஒத்தோமி பழங்குடிக்காரர். சின்ன வயதில் அப்பாவோடு தெருவில் வயலின் வாசித்துப் பிழைத்தவர். மெட்டின் பெயர் 'சோப்ரே லாஸ் ஓலாஸ்', அலைகளின் மேல். 1888-ல் மெக்சிகோ சிட்டியில் அச்சானது. உரிமையை 45 பெசோவுக்கு விற்றுவிட்டார் என்கிறார்கள். அப்புறம் அது உலகமெல்லாம் போனது, கண்காட்சி ராட்டினங்களின் ஆர்கனில்கூட ஏறியது. அவருக்கு அதில் ஒன்றும் வரவில்லை. ஜனாதிபதி போர்ஃபிரியோ தியாஸின் மனைவிக்கு 'கார்மென்' என்று இன்னொரு வால்ட்ஸ் எழுதிக் கொடுத்தவர். பெரிய இடத்துப் பழக்கம் இருந்தும் கையில் காசு தங்கவில்லை போலிருக்கிறது. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வாசித்தார். மறு வருடம் ஜூலையில், கியூபாவின் பதாபானோ துறைமுக ஊரில் இறந்துபோனார். வயது 26. எலும்புகள் மெக்சிகோவுக்குத் திரும்பி வரவே 1909 ஆகிவிட்டது. பிறந்த ஊருக்கு இன்று அவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள், சாந்தா குரூஸ் தே ஹுவெந்தினோ ரோசாஸ் என்று.

இதே மெட்டைப் பலரும் ஸ்ட்ராஸுடையது என்றே நினைத்திருக்கிறார்கள் என்று படித்தபோது, 'சரி, நான் மட்டும் இல்லை' என்று கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களெல்லாம் காதால் ஏமாந்தவர்கள், நான் ஒரு நிமிடம் தேட சோம்பேறித்தனப்பட்டவன். அது வேறு.

அன்று மாலை கிளம்பாமல் பழைய ஷீட்டுகளைத் திறந்து அந்த மெட்டைத் தேடினேன். இன்னும் 4 இடத்தில், ஸ்ட்ராஸ் பெயரில் இருந்தது. அதில் இரண்டு, நான் ஏற்றியவை.